சிப்பித் திட்டுக்குப் பின்னால் உன் அக்கா

அன்பு மகனே,

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போன் என்றால், நான் தொண்டையைக் கனைத்து விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து அங்கே உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். "உம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எட்டாவது படித்த கை, அதுவும் நடுங்க ஆரம்பித்துவிட்ட கை. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி. உன் வாப்பா எதிரே உட்கார்ந்து வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருக்கிறார். "என்னத்த இம்புட்டு எழுதுற, சுருக்கமா எழுது" என்கிறார். அவர் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சே ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். அவருக்கு எதுவும் நீளம்தான்.

போன லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று, காரில் பெட்டியை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "உம்மா, ஜமாஅத் தலைவர்கிட்ட பேசிட்டேன். வாடைக்காத்து முடிஞ்சதும் கடலோரத்து வரிசைக் கபருகளை எல்லாம் மேட்டு மையவாடிக்கு மாத்தப் போறாங்க. அக்காவையும் மாத்தச் சொல்லிட்டேன். நீங்க இனிமே கவலைப்படாதீங்க." நான் தலையை ஆட்டினேன். கார் திருப்பாலைக்குடி ரோட்டில் திரும்பி மறையும் வரை நின்றேன். உனக்கு எவ்வளவு நல்ல மனசு என்று ஒரு பக்கம் பூரிப்பு. நீ முகம்கூடப் பார்த்திராத ஒருத்தியை "அக்கா" என்று சொல்லி, அவளை அடக்கிய குழியைக் கடல் கொண்டுபோய்விடக் கூடாது என்று யோசித்திருக்கிறாய். இன்னொரு பக்கம் என் நெஞ்சில் கல் விழுந்தது. அது ஏன் என்று உனக்குத் தெரிய வழியில்லை. நான்தான் சொன்னதே இல்லையே.

உன் அக்கா ஜைனம்புக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது நீ என் வயிற்றில்கூட இல்லை. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், என் மடியிலேயே அவள் அடங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு. பாவாடை தைத்து வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை என்பதால் சந்தூக்குப் பெட்டியில் வைக்காமல் உன் வாப்பா கையிலேயே ஏந்திக்கொண்டு அடக்கம் செய்யப் போனார். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். அது வழக்கம். அதைக் குறை சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. ஆனால் பெற்றவள் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் உன் வாப்பா அவள் கபரடியில் ஜியாரத் முடித்து வருவார். "எப்படி இருக்கா?" என்று கேட்பேன். மண்ணுக்குள் இருக்கிறவளைப் பற்றி இப்படி யாராவது கேட்பார்களா? நான் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே "இருக்கா" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளி வரை ஓட்டுவேன்.

அந்த வருஷம்தான் காளியம்மா என்னைச் சிப்பி எடுக்கக் கூப்பிட்டாள். இப்போதும் நம் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்து டீ கேட்பாளே, அதே காளியம்மாதான். "வீட்டுக்குள்ளயே கெடந்து அழுதா கண்ணுதான் அவிஞ்சு போகும். கெளம்புக்கா, கழிமுகத்துக்குப் போவோம். கைக்கு வேலை இருந்தா மனசு கொஞ்சம் சும்மா கெடக்கும்" என்றாள். கழி போய்க் கடலில் சேருகிற இடத்தில், மையவாடிக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள் ஒரு சிப்பித் திட்டு இருந்தது. நீ அதைப் பார்த்ததில்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் கறுப்பாக, முதுகை மட்டும் காட்டிக்கொண்டு, கரைக்கு ஒக்க நீளமாகக் கிடக்கும். ஒரு சிப்பி மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி வளர்ந்து கல்லாகவே ஆகிப்போன திட்டு. வெறுங்காலை வைத்தால் கிழித்துவிடும். பழைய சைக்கிள் டயரைக் காலில் கட்டிக்கொண்டுதான் ஏறுவோம். இரும்புக் கம்பியால் தட்டிப் பெயர்த்து, சதை கொஞ்சம் குழம்புக்கு, கொஞ்சம் தூண்டில் இரைக்கு, ஓடு சுண்ணாம்புக் காளவாசலுக்கு. முதல் நாள் ஒரு கூடை நிறைந்ததும் இடுப்பை நிமிர்த்திக் கரைப்பக்கம் திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன். மையவாடி முழுசாகத் தெரிந்தது. அப்போது கடல் பக்கம் சுவர் கிடையாது. மணல் சரிவு, கபருகளின் தலைமாட்டில் வரிசையாக மீசான் கற்கள், ஓரத்தில் ஒற்றைப் பனை. அந்தப் பனைக்கு நேர் கீழேதான் அடக்கியிருப்பதாக உன் வாப்பா சொல்லியிருந்தார். சின்னக் கல். பக்கத்தில் இருந்த கற்களை விடச் சின்னது.

தெருப்பக்கமிருந்து நான் எட்டிப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கடலுக்குள் நின்று பார்ப்பவளை யார் என்ன சொல்ல முடியும்? சிப்பி எடுக்கிறாள், அவ்வளவுதானே. அதற்குப் பிறகு நான் ஒரு வற்றுத் தண்ணீரையும் விட்டதில்லை. நீ வயிற்றில் இருந்தபோதும் போனேன். உன்னைக் காளியம்மாவின் மகளிடம் விட்டுவிட்டுப் போனேன். "எதுக்கு உம்மா இந்த வெயில்ல அலையுறீங்க, நான்தான் அனுப்புறேன்ல" என்று நீ துபாயிலிருந்து திட்டிய நாளிலும் போனேன். இப்போது புரிகிறதா?

சுவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம். ஒரு வாடையில் அலை கொஞ்சம் மேலே ஏறி வந்து மையவாடி மணலை நக்கிவிட்டுப் போனது. உடனே ஜமாஅத் கூடி, கடல் பக்கமும் சுவர் எழுப்புவது என்று முடிவு செய்தது. அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். லாரியில் கொண்டுவருவதென்றால் பரமக்குடிக்கு அப்பால் போக வேண்டும். எதுக்கு அவ்வளவு தூரம், கையெட்டும் தூரத்தில் கல்லாகக் கிடக்கிறதே சிப்பித் திட்டு என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. கடப்பாரையோடு வள்ளங்கள் போயின. பாளம் பாளமாகப் பெயர்த்து அஸ்திவாரத்தில் போட்டார்கள். மிச்சத்தைக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் செங்கல்லுக்குப் பூசினார்கள். நன்மை கிடைக்கும் என்று கூலி வாங்காமல் ஊரே உழைத்தது. பெண்கள் நாங்கள் கூடை கூடையாகச் சுமந்தோம். காளியம்மா தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை, என் பிள்ளைக்குக் காவல் கட்டுகிறார்கள் என்று. வெள்ளையடித்து முடித்த சுவர் வெயிலில் கண்ணைப் பறித்தது. மையவாடியைக் காப்பாற்ற, அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த திட்டையே உடைத்து எடுத்திருக்கிறோம் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு கூத்தை வேறெந்த ஊரும் செய்திருக்காது.

திட்டு இல்லாத கடல் வேறு கடலாக இருந்தது. முன்பெல்லாம் அலை தூரத்திலேயே உடைந்து, கரைக்கு வரும்போது சவுக்காரத் தண்ணீர் மாதிரி நுரைத்து அடங்கும். இப்போது நேரே வந்து சுவரின் காலடியில் முட்டியது. மீனும் போயிற்று. நீ படிக்கிற காலத்தில் வீட்டில் கருவாட்டுக் குழம்பாகவே இருந்ததே, "திருப்பியும் கருவாடா" என்று மூஞ்சியைத் தூக்குவாயே, அந்த வருஷங்கள்தான். ஓரா, மடவைக் குஞ்சுகள் ஒதுங்குவதற்கு இடமில்லாமல் போய்விட்டது. நீ காலேஜ் முடித்து, விசா வந்து, துபாய்க்குப் போன கொஞ்ச காலத்தில் ஒரு வாடையில் சுவர் கடல் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஊரே போய் நின்று அழுதது. நானும் கழிமுகத்தில் நின்று அழுதேன். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், அழுகைக்குள் இன்னொன்றும் இருந்தது. அத்தனை வருஷம் சுவர் மறைத்திருந்தது; மிச்சமிருந்த சிப்பியைத் தட்டுகிற சாக்கில் போய் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மறுபடியும் அவள் தெரிந்தாள். அல்லாவே, இவளைக் காட்டுவதற்கா சுவரைத் தள்ளினாய், இல்லை எடுத்துக்கொண்டு போவதற்கா என்று கேட்டேன்.

கல் கொட்ட வேண்டும் என்று ஜமாஅத்திலிருந்து மனு போனது. நீயும் அதைத்தான் சொன்னாய், பெரிய பெரிய பாறாங்கல்லாகக் கொட்டினால் சரியாகிவிடும் என்று. தெற்கே ஒரு ஊரில் அப்படிக் கொட்டினார்கள். அந்த ஊர்க் கரை நின்றது, வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு அடுத்த ஊரில் மீன் காயப்போடுகிற மணலே இல்லாமல் போய்விட்டது. அங்கே கட்டிக்கொடுத்த உன் சின்னம்மா மகள் வந்து புலம்பினாள். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கல்லில் நம்பிக்கை போய்விட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடற்கரைக்கு ஜீப்புகள் நிறைய வந்தன. அதில் ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கம், கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறவள். குடையும் பிடிக்காமல் கழிச்சேற்றில் இறங்கி நடந்தாள். பாலத்துத் தூண்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியிருந்த சிப்பிகளைப் பார்த்துவிட்டு, "இங்க முன்னாடி பெரிய திட்டு இருந்திருக்கணுமே" என்றாள். காளியம்மா என்னைப் பார்த்தாள், நான் காளியம்மாவைப் பார்த்தேன். "இருந்துச்சு தாயி. அத எடுத்துத்தான் சொவரு கட்டுனோம். அந்தா கெடக்கு பாரு, சொவரு" என்றாள் காளியம்மா. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள். இரண்டிலும் கலங்கல் கழித்தண்ணீரை மொண்டு வைத்தாள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் சிப்பிகளைப் போட்டாள். "வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பேசிச் சிரித்து, சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சிப்பி போட்ட வாளியில் அடி தெரிகிறது மகனே. குடிதண்ணீர்ப் பானைபோலத் தெளிந்து கிடக்கிறது. மற்ற வாளி அப்படியே கலங்கல்.

"ஏடி, தண்ணி தெளியத் தேத்தாங்கொட்டை எதுவும் ஒரசுனியா?" என்று காளியம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. சிப்பி மூச்சு விடுறதே அப்படித்தான். தண்ணிய உள்ள இழுத்து, அதுல உள்ளதச் சாப்பிட்டுட்டு, சுத்தமா வெளிய விடும்."

நான் அந்த வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம் இதைத் தட்டித் தட்டிக் கூடையில் போட்டிருக்கிறேன். வாய் திறக்காத கல் என்றுதான் நினைத்திருந்தேன். அது சும்மா கிடந்த நேரத்தில் எல்லாம் கடலையே தெளிய வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். 

அவள் சொன்ன யோசனை, திட்டை மறுபடி வளர்க்கலாம் என்பது. வளர்ப்பதா, திட்டையா? என் காதில் சரியாகத்தான் விழுகிறதா என்று பார்த்தேன். கெட்டியான இடம் கொடுத்தால் சிப்பிக் குஞ்சு தானாக வந்து ஒட்டும், பழைய சிப்பி ஓடு என்றால் இன்னும் விரும்பி ஒட்டும் என்றாள். சிமெண்ட்டும் பெயிண்ட்டும் வந்த பிறகு மூடிக் கிடந்த காளவாசலில் ஓடு மலையாகக் குவிந்திருந்தது. கிழிந்த வலை இல்லாத வீடு நம் ஊரில் ஏது? வலையைப் பைகளாகத் தைத்து, ஓட்டை நிரப்பி, வாயைக் கட்டி, வற்றுத் தண்ணீரில் சுமந்துகொண்டு போய் வரிசையாக அடுக்கினோம். நம் தெருப் பெண்களும் காளியம்மா தெருப் பெண்களுமாகத்தான் செய்தோம். ஆம்பிளைகள் கரையில் நின்று கேலி பேசினார்கள். "என்ன மதினி, கடலுக்குத் தலகாணி வைக்கிறீங்களா? பாத்து, நல்லாத் தூங்கிரப் போவுது." அந்த வருஷ வாடையில் பாதிப் பைகள் சேற்றில் அமுங்கிப் போயின. மீதி உருண்டு வள்ளம் கட்டுகிற இடத்தில் வந்து கிடந்தன. கேலி இன்னும் கூடியது. ஜெசிந்தாவுக்கு முகம் செத்துவிட்டது. அடியில் கெட்டித் தரை இருந்தால்தான் நிற்கும், இந்தச் சேற்றில் அதை எங்கே தேடுவது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

உன் வாப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. என்றைக்குத்தான் பேசினார். மறுநாள் காலை வள்ளத்தை அவிழ்த்து, "ஏறு" என்றார். நானும் ஜெசிந்தாவும் ஏறினோம். மையவாடிக்கு எதிரே மெல்லப் போய்க்கொண்டு, நீளக் கம்பால் அடியைக் குத்திக் குத்திப் பார்த்தார். சேற்றில் இறங்கினால் சத்தமே இல்லை. ஒரு இடத்தில் டொக் என்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் டொக். நாங்கள் உடைத்து எடுத்த திட்டின் வேர், மெல்லிசாகச் சேறு மூடி, அங்கேயே கிடந்தது. டொக் என்று கேட்ட இடத்தில் எல்லாம் சவுக்குக் கம்பை நட்டுக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால் பழைய திட்டின் கோடு அப்படியே நிற்கிறது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதுக்கெதுக்கு அழுவுற, பைகள எடுத்தா" என்றார் உன் வாப்பா. அவர் கணக்குக்கு அது பெரிய பிரசங்கம்.

பங்குனியில் பைகளை அந்தக் கோட்டின் மேல் வைத்தோம். வைகாசியில் ஒரு நாள் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். பழைய ஓட்டின் மேல் மிளகாய் விதை அளவில் ஏதோ புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சிப்பி. முழுச் சிப்பி, இத்தனூண்டு. ஜெசிந்தா சொன்னதை உனக்கு அப்படியே சொல்கிறேன், கேள். தாய்ச் சிப்பி குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அது போகிற போக்கில் மிதந்துகொண்டே இருக்கும். இறங்கவேண்டிய காலம் வந்ததும் அதற்குக் கண் மாதிரி ஒரு புள்ளி வருமாம், கால் மாதிரி ஒன்று நீளுமாம். அந்தக் காலால் தடவித் தடவி இடம் பார்க்குமாம். மனசுக்குப் பிடித்த இடத்தில் பசையைக் கக்கி ஒட்டிக்கொண்டுவிட்டால் ஆயுசுக்கும் அங்கேதான். ஒட்டிய பிறகு கண்ணும் போய்விடும், காலும் போய்விடும்.

ஒரே ஒரு தடவை இடம் பார்ப்பதற்காகக் கண்ணைக் கொடுத்து, பார்த்து முடிந்ததும் வாங்கிக்கொள்கிற படைத்த ரப்புடைய வேலையை என்னவென்று சொல்ல? அவ்வளவு பெரிய கடலில், தான் போய்த் தங்குவதற்கு அது தேடியது செத்துப்போன சிப்பியின் ஓட்டை. நான் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். எனக்கு எங்கே கண் போனது என்று நீயே தெரிந்துகொள்வாய். காளியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். என் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வற்றிலும் ஒரு அதிசயம். விதை அளவு இருந்தது மூக்குத்தி அளவானது, பிறகு நகம் அளவு, பிறகு உள்ளங்கை. பையின் வலை தெரியாமல் சிப்பி மூடிவிட்டது. ஒரு பையும் இன்னொரு பையும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. இடுக்குகளில் நண்டு குடிவந்தது. இறால் குஞ்சு, கலவாக் குஞ்சு, எனக்குப் பெயர் தெரியாத கண்ணாடி மாதிரி மீன்கள் எல்லாம் வந்தன. மடவை கூட்டமாக வந்து திட்டுக்கு உட்புறம் மேய்ந்தது. கேலி பேசிய ஆம்பிளைகள் திட்டுக்கு வெளியே தூண்டில் போட ஆரம்பித்தார்கள். "தலகாணி எப்புடிங்கய்யா இருக்கு?" என்று காளியம்மா கேட்டபோது ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன லீவில் நீ ரசித்துச் சாப்பிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு "இது எங்க வாங்குனது உம்மா?" என்று கேட்டாயே, அந்த ஓரா மீன் எங்கும் வாங்கியதில்லை. உன் அக்காவுக்கு எதிரே பிடித்தது.

உன் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடலில் மணலைக் கொட்டி ஊர் எழுப்புகிறீர்கள் என்று போட்டோ அனுப்பினாய். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன், என் மகன் கட்டுகிற ஊர் என்று. இப்போதும் காட்டுகிறேன். ஆனால் கொட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல் உன் பெரிய ஆபீசர்களை. நாங்கள் குனிந்து பார்த்தோம், கண்ணுக்குத் தெரிந்தது கல் மட்டும்தான். வாழ்க்கையிலும் அப்படித்தான் மகனே. உன் பெண்டாட்டி பேசாமல் இருக்கிறாளே, உன் வாப்பா பேசாமல் இருக்கிறாரே என்று அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக நினைத்துவிடாதே. சும்மா இருப்பதாகத் தெரிகிறவர்கள்தான் வீட்டைத் தெளிய வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷ வாடையை நீ டிவியில் பார்த்திருப்பாய். நீ போன் போட்டபோது "ஒண்ணுமில்லப்பா, லேசாத்தான் மழை" என்று சொன்னேன். லேசாக இல்லை. வள்ளங்களை எல்லாம் மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. கடல் போட்ட இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. நான் தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திட்டு எங்களுக்காக வளர்ந்தது வெறும் முழங்கால் உயரம். இந்த ஆட்டத்துக்கு அது எம்மாத்திரம்? சவுக்காரக் கட்டி மாதிரிக் கரைந்திருக்கும், பனை சாய்ந்திருக்கும், அவளும் போயிருப்பாள் என்றே நினைத்துவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு முன்னாலேயே மாற்றியிருக்கலாமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காற்று விழுந்து வெயில் அடித்த காலையில் காளியம்மாவும் நானும் கழிமுகத்துக்குப் போனோம். அவள்தான் என் கையைப் பிடித்து முழங்கால் தண்ணீர் வரை இழுத்துக்கொண்டு போனாள். திட்டின் மேல் அலை வந்து வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. உடைந்த அலை உள்ளே வரும்போது தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி அசைந்தது. திட்டு அப்படியே இருந்தது. அது மட்டுமா, விழுந்த சுவரின் அடிக்கல்லைத் தாண்டி, முன்பு அலை முட்டிய இடத்தில், மண். கடல் கொண்டுவந்த மணலும் சேறும் திட்டைத் தாண்டித் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே படிந்து மேடாகியிருந்தது. ஒரு ஓரத்தில் உமிரிச் செடிகூடத் துளிர்விட்டிருந்தது. பனை நின்றது. அதன் கீழே சின்னக் கல் நின்றது. நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எடுப்பதையே தொழிலாக வைத்திருந்த கடல் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து மையவாடிக்குள் ஆள் நடமாட்டம். ஜமாஅத் தலைவர், உன் வாப்பா, இன்னும் இரண்டு பேர். மாற்றவேண்டிய கபர்களுக்குக் கயிறு பிடித்து அடையாளம் வைக்க வந்திருந்தார்கள். தலைவர் சுவரின் ஓரம் வரை வந்து, புது மண்ணையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க ஆபீஸ்ல உக்காந்து மேட்டு நெலத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்கள்ல முதலாளி, அப்ப வந்துச்சு" என்றாள் காளியம்மா.

அவர் சிரித்துவிட்டார். காலால் மண்ணை அமுக்கிப் பார்த்தார். "இப்படி நிக்குதுன்னா மாத்த வேண்டியதில்லையே" என்று உன் வாப்பாவிடம் சொன்னார். பிறகு, "ஆனா உங்க மகன் மாத்தியே ஆகணும்னு எங்கிட்டச் சொல்லிட்டாரு" என்றார்.

"அவன்தான் சொன்னான். அவனே சொல்லட்டும்" என்றார் உன் வாப்பா.

அதனால்தான் இந்தக் கடிதம். தலைவருக்கு நீயே போன் போட்டு, அக்கா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல். மேட்டு மையவாடிக்கு நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர். அங்கே கடல் கிடையாது. அங்கே போய்விட்டாள் என்றால் நான் சாகிற வரைக்கும் அவளைப் பார்க்க முடியாது. நீ பத்திரம் என்று நினைத்தது எனக்கு இரண்டாவது தடவை அவளைப் பறிகொடுப்பது. இன்னொரு வாடை வரும், அதில் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. திட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அன்று நடந்த மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். நான் முழங்கால் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன். தலைவர் திரும்பிப் போகப் புறப்பட்டவர் நின்று, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொவத்துக்கு இந்தப் பக்கம்தாம்மா மையவாடி. அந்தப் பக்கம் நேத்து வரைக்கும் கடலு. அந்த மண்ணுக்கு ஜமாஅத்துல ஒரு சட்டமும் இல்ல." சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உன் வாப்பா மட்டும் பனையடியில் நின்றார். நான் தண்ணீரை விட்டு ஏறினேன். புது மண் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சுவரின் அடிக்கல் வரை போய், கடல் பக்கமாகவே உட்கார்ந்தேன். அவளுடைய கல் எனக்கு ஒரு முறத்து அகலத்தில் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். நீட்டவில்லை, பக்கத்தில் இருந்ததே போதுமாக இருந்தது.

அத்தனை வருஷமாக அவளிடம் சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அழுகையும் வரவில்லை. வாயைத் திறந்தபோது தானாக வந்தது இதுதான்: "ஜைனம்பு, உனக்கு ஒரு தம்பி பொறந்திருக்கான்மா."

உன் உம்மா